ஆத்தா மேல் போட்ட பழி

முதலில் அந்தக் கதவைச் சாத்து தாயி. நன்றாகச் சாத்து. வெளியே பெஞ்சில் மஞ்சப்பையோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் நாத்தனார். என் வீட்டுக்காரருக்கு அக்கா. நாம் பேசுவது அவள் காதில் விழுந்தால் எழுந்து உள்ளே வந்துவிடுவாள். வந்துவிட்டால் நீ கேட்டதற்கு அவள்தான் பதில் சொல்வாள்.

நீ என்ன கேட்டாய்? ஏதாவது மருந்து ஒத்துக்காதா, ஆமாவா இல்லையா. அவ்வளவுதானே? கேட்டுவிட்டுப் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு நிற்கிறாய். எனக்கு ஒரு வார்த்தையில் சொல்ல வராது. அஞ்சாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள் நான். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று தெரியாது. தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று இப்போதே பயமாக இருக்கிறது. போன தடவை தப்பாகச் சொல்லித்தான் சாகக் கிடந்தேன். இல்லை, இல்லை. நான் எங்கே சொன்னேன்? நான் வாயே திறக்கவில்லை. பார், ஆரம்பத்திலேயே தப்பு.

நாளைக்குக் காலையில் கர்ப்பப்பையை எடுக்கப்போகிறீர்கள். மயக்கம் கொடுத்துப் படுக்கப்போட்ட பிறகு என்னை யார் கேட்பது? எந்த மருந்து ஏறினாலும் ஏறியதுதான். அதனால்தான் சொல்கிறேன், பேனாவை மூடு. கடைசிவரை கேட்டுவிட்டு எழுது. உனக்கு வேறு வேலை இருக்கும், தெரியும். அந்த நிவேதாவுக்கும் வேறு வேலை இருந்தது.

நிவேதா யாரென்றால், போன ஆடியில் நான் படுத்திருந்த ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் பிள்ளை. தங்கமான பிள்ளை. உன் வயதுதான் இருக்கும். வாய்க்கு வாய் அம்மா, அம்மா என்பாள். அவளைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். என் வயிற்றெரிச்சல் எல்லாம் இன்னொருத்தி மேல். ஜெபக்கனி என்று பெயர். அந்த வார்டுக்கே பெரிய நர்ஸ். ஆளும் பெரிய ஆள், குரலும் பெரிய குரல். அவளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது. அவள் செய்ததைக் கேட்டுவிட்டு நீயே சொல், ஒரு பொம்பளைக்குப் பொம்பளை இப்படிச் செய்யலாமா?

காலில் துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டது. நான் வேலை பார்க்கும் சேவுக்கடையின் பின்கட்டில் பழைய பலகை ஒன்று கிடந்தது, அதில் மிதித்துவிட்டேன். ஆடி மாதம். இருக்கன்குடி ஆத்தா கோயிலுக்கு அக்கினிச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டவேண்டிய நேரம். மஞ்சள் அரைத்து அப்பினேன், கேட்கவில்லை. சீழ் கட்டி, கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. சட்டி எடுக்க முடியாமல் போய்விட்டது. வருஷம் தவறாமல் எடுத்துக்கொண்டு வந்தது அந்த வருஷம் நின்றுபோனது. இதை மனதில் வைத்துக்கொள். பின்னால் வரும்.

என் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருந்தார். மகள் கல்யாணமாகிப் போய் மூன்று மாதம் ஆகவில்லை, புது இடம், அவளை எப்படிக் கூப்பிடுவது? அதனால் வெளியே இருக்கிறாளே, இந்த மதினிதான் ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். பெயருக்கு ஏற்ற பேச்சு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குப் பதில் அவள்தான் பேசுவாள். ரேஷன் கடையில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், எங்கேயும். பிரசவத்துக்குப் போனபோது வலி எங்கே இருக்கிறதென்று டாக்டரம்மாவிடம் சொன்னதுகூட அவள்தான். அன்றைக்கும் நிவேதா என்னைத்தான் கேட்டாள்.

"அம்மா, இதுக்கு முன்னாடி ஏதாவது ஊசிக்கு உடம்பு தடிச்சிருக்கா? மூச்சு முட்டியிருக்கா? மயக்கம் வந்திருக்கா?"

நான் யோசித்தேன். கத்தரிக்காய் தின்றால் எனக்கு உதடு அரிக்கும். அதைச் சொல்லலாமா, சொன்னால் சிரிப்பாளோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மதினி முந்திக்கொண்டாள்.

"இவளுக்கா? கல்லைத் தின்னாலும் செரிச்சிரும் இவளுக்கு. அதெல்லாம் ஒண்ணும் கிடையாது, நீ எழுதிக்க தாயி."

அந்தப் பிள்ளையும் எழுதிக்கொண்டது. பெரியவர்கள் சொன்னால் நம்பத்தானே செய்வாள்? அவள் மேல் என்ன தப்பு?

பிறகு முழங்கைக்குக் கீழே, தோலுக்குள்ளேயே ஒரு சொட்டு மருந்து ஏற்றினாள். கொசுக்கடி மாதிரி எழும்பியது. பேனாவால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். நீங்களும் போடுவீர்களே, டெஸ்ட் ஊசி. "இந்த வட்டத்துக்குள்ள அரிச்சாலோ தடிச்சாலோ உடனே கூப்பிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அரித்தது. உள்ளதைச் சொல்கிறேன், அரிக்கத்தான் செய்தது. நான் மதினியிடம் சொன்னேன்.

"அரிக்காம என்ன செய்யும்? ஆத்தா கேக்கா. சட்டி எடுக்காம இங்க வந்து சொகமா மல்லாந்து கெடக்கேல்லா?" என்றாள். சுருக்குப்பையைத் திறந்து இருக்கன்குடித் திருநீற்றை எடுத்தாள். அந்த வட்டத்தின் மேல் வைத்து அழுத்தித் தேய்த்தாள். பேனா மையும் திருநீறும் சேர்ந்து குழைந்து சாம்பல் நிறமாகிவிட்டது. நிவேதா திரும்பி வந்தபோது வட்டமும் இல்லை, தடிப்பும் தெரியவில்லை.

"அரிச்சுதாம்மா?"

"இல்லை" என்று மதினி சொன்னாள்.

"என்ன பாட்டி, திருநீறா? சரி, சாமியும் துணைக்கு இருக்கட்டும்" என்று நிவேதா சிரித்தாள். பார்த்தாயா, எவ்வளவு நல்ல குணம்! முகம் சுளிக்கவில்லை. மதினிக்குத்தான் தன்னைப் பாட்டி என்றுவிட்டாளே என்று கோபம். அதற்குள் கையில் செருகியிருந்த குழாய் வழியாக அந்தப் பிள்ளை மருந்தைப் பைய ஏற்ற ஆரம்பித்துவிட்டது.

பார்வையாளர் வரும் சாயங்கால நேரம் அது. வாசலில் யார் வந்து நின்றதென்று நினைக்கிறாய்? எங்கள் சம்பந்தி. மகளின் மாமனார். கொண்டல்சாமி அண்ணன். கையில் சாத்துக்குடிப் பை. புதுச் சம்பந்தம் தாயி. நிச்சயதார்த்தத்தன்று நான் அவர் முன்னால் உட்காரக்கூட இல்லை, நிலைப்படிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசினேன். அப்படிப்பட்ட மனிதர் கட்டிலின் கால்மாட்டில் வந்து நிற்கிறார். நான் எழுந்து முந்தானையை இழுத்துவிட வேண்டாமா? எழப் பார்த்தேன்.

முடியவில்லை. உள்ளங்கை அரித்தது. உள்ளங்கால் அரித்தது. காது இரண்டும் அடுப்பில் வைத்த மாதிரி காந்தியது. உதட்டைத் தொட்டால் அது என் உதடாகவே இல்லை. வயிறு முறுக்கியது. தொண்டைக்குள் யாரோ துணியைத் திணிக்கிறார்கள். "வாங்கண்ணே" என்று சொல்லப் போனேன், காக்கை கரைகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. இதெல்லாம்கூடப் பெரிதில்லை. இப்போது சாகப்போகிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது பார், அதை எப்படிச் சொல்வது? யாரோ காதுக்குப் பக்கத்தில் வந்து சொன்ன மாதிரி அவ்வளவு தெளிவாக வந்தது.

நிவேதா ஊசிக்குழலைப் பிடித்தபடியே என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா? அம்மா?" என்றாள். பாவம், பயந்துவிட்டாள்.

அப்போதுதான் அவள் வந்தாள். ஜெபக்கனி. வார்டின் அந்தக் கோடியிலிருந்து வந்தாள். ஓடி வரவில்லை, ஆனால் அவள் நடந்து வந்த வேகத்தில் டிராலி ஒன்று தானாக ஒதுங்கியது. வரும்போதே சத்தம்.

"ஏத்துறதை நிறுத்து! குழாயை மூடு! டாக்டருக்குச் சொல்லு, அட்ரினலின் எடு, ஆக்சிஜன் கொண்டா. ஓடு!"

என்னைப் பார்த்து என்ன சொன்னாள் தெரியுமா? "படு!" நாயிடம் சொல்கிற மாதிரி. நான் எழப் பார்க்கிறேன், மூச்சு முட்டுகிறது, கக்கூஸ் வேறு வருகிறது. அவள் தோளில் கையை வைத்து ஒரே அமுக்காக அமுக்கிப் படுக்கவைத்தாள். "எந்திரிச்சா செத்துருவ. படு!" இருந்த தலையணையை உருவி என் கால்களுக்கு அடியில் கொடுத்தாள். பக்கத்துக் கட்டில் தலையணையையும் பிடுங்கி அதற்கு மேல் கொடுத்தாள். என் கால் இரண்டும் மேலே. கால்மாட்டில் யார் நிற்கிறது? சம்பந்தி. அவர் முகத்துக்கு நேரே கால். அதில் ஒரு கால் சீழ் வழிகிற கால்.

இதோடு விட்டாளா?

அதற்குள் என் உடம்பு பூராவும் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. கண் இரண்டும் மூடிவிட்டது. மதினி அதைப் பார்த்தாள். பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டு ஒரு குலவை போட்டாள். ஆஸ்பத்திரி வார்டில் குலவை! "ஆத்தா வந்துட்டா! சட்டி எடுக்கலன்னு ஆத்தாளே எறங்கி வந்துட்டா!" பையில் வைத்திருந்த வேப்பிலைக் கொத்தை எடுத்து என் முகத்தில் வீசினாள். அந்த நேரம் பார்த்து ஜெபக்கனி ஊசியோடு குனிகிறாள். மதினி பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"குத்தாத! ஆத்தா உடம்புல நிக்கும்போது ஊசி குத்துனா குடும்பமே வெளங்காது!"

"கையை விடு."

"விட மாட்டேன். கொன்னாலும் விட மாட்டேன்."

எனக்குக் கண் தெரியவில்லை, காது கேட்டது. மூச்சு உள்ளே போகவில்லை. இரண்டு பொம்பளைகள் என் மேல் கையைக் கோத்துக்கொண்டு நிற்கிறார்கள். ஜெபக்கனி சொன்னாள்: "ஆத்தாகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீ தள்ளு."

முழங்கையால் ஒரு இடி. மதினி ஸ்டூலோடு போய் விழுந்தாள். வேப்பிலை சிதறியது. வயதில் மூத்தவளைத் தள்ளிவிட்டாளே, இதை யார் கேட்பது? தள்ளிவிட்டு, என் சேலையைப் பாவாடையோடு சேர்த்து மொத்தமாகத் தூக்கினாள். தொடைவரைக்கும் தூக்கினாள் தாயி! திரை இழுத்தாளா? இழுக்கவில்லை. ஆம்பளைகளை வெளியே போகச் சொன்னாளா? சொல்லவில்லை. நடுவார்டில், பார்வையாளர் நேரத்தில், புதுச் சம்பந்திக்கு முன்னால் என் தொடையைத் திறந்துபோட்டு, வெளிப்பக்கமாக ஊசியை நட்டுக்குத்தாக இறக்கினாள். கையில் போடக்கூடாதா? கையெல்லாம் இல்லையா எனக்கு? நான் பிறகு கேட்டேன். "தொடையிலதான் சீக்கிரம் ஏறும். ஒன் மானத்தைப் பாத்துக்கிட்டு நின்னா உன்னைத் தூக்கிட்டுத்தான் போயிருப்பாங்க" என்றாள். இதுவா பேச்சு?

பிறகு கன்னத்தில் அடித்தாள். ஆமாம், அடித்தாள். "ஏ சீனியம்மா! கண்ணைத் திற! என்னைப் பாரு! தூங்கக் கூடாது!" என் அம்மாகூட என்னை அப்படி அடித்ததில்லை. மூக்கில் எதையோ மாட்டி விட்டார்கள். புஸ்ஸென்று காற்று வந்தது. இன்னொரு கையில் சலைன் தண்ணீர் ஓடியது. அவள் என் கையைச் சுற்றிப் பட்டையைக் கட்டிப் பிரஷர் பார்த்துவிட்டு, "ஏறல. இன்னொன்னு எடு" என்றாள். மறுபடியும் சேலை. மறுபடியும் தொடை. இந்தத் தடவை இந்தப் பக்கம்.

அதற்குப் பிறகு டாக்டர் வந்தார். எதையோ கேட்டார், அவள் எதையோ சொன்னாள், அவர் இன்னும் இரண்டு மருந்து போடச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாகத் தொண்டையிலிருந்த துணி இறங்கியது. நெஞ்சு மட்டும் மாவு மில் மாதிரி அடித்துக்கொண்டது. கை காலெல்லாம் வெடவெட என்று நடுங்கின. "அது நான் போட்ட மருந்து செய்யுற வேலை. நடுங்குனா நல்லது, உயிரோட இருக்கேன்னு அர்த்தம்" என்று அவள் சொல்லிச் சிரித்தாள். சிரிக்கிற நேரமா அது?

அப்புறமாவது ஒரு மனுஷியை நிம்மதியாக இருக்க விட்டாளா என்று கேள். ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சும்மா சும்மா கைப்பட்டையை இறுக்குகிறாள். நாக்கை நீட்டச் சொல்கிறாள். ஒரு பாட்டுப் படிக்கச் சொல்கிறாள், குரல் கம்முகிறதா என்று பார்க்க. தண்ணீர் கேட்டால் தர மாட்டேன் என்கிறாள். கக்கூஸுக்குப் போகவேண்டும் என்றால், "எந்திரிக்கக் கூடாது, படுத்துக்கிட்டே போ" என்று தட்டை வைக்கிறாள். அவள் வேலை நேரம் முடிந்து, அடுத்த ஆள் வந்து, பையை மாட்டிக்கொண்டு போகவேண்டியவள் போகவில்லை. "சிஸ்டர், நான் பாத்துக்கிறேன், நீங்க கிளம்புங்க" என்று வந்தவள் சொல்கிறாள். "அடங்குனது திரும்பவும் வரும். நான் இருக்கேன்" என்கிறாள் இவள். அவளுக்கு வீடு வாசல் கிடையாதா? என்னைக் காவல் காக்க நான் என்ன திருடியா?

இதற்கு நடுவில் நிவேதாவை ஓரமாகக் கூட்டிப்போய் என்னவோ சொன்னாள். சத்தம் போடவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை வரும்போது கண் சிவந்திருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்தது. அது செய்ததுகூட இல்லையே? கேட்டது, பதில் சொன்னார்கள், போட்டது. கடைசியாக ஜெபக்கனி சொன்னது மட்டும் என் காதில் விழுந்தது. "படுத்திருக்கவளைக் கேளு. கூட வந்தவளைக் கேக்காத."

மறுநாள் வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள். மதினி காப்பி வாங்கப் போயிருந்த நேரம். இவளே அனுப்பியிருப்பாள், சந்தேகமே இல்லை.

"சீனியம்மா, இது மாதிரி முன்னாடி வந்திருக்கா?"

"இல்லை."

"நல்லா யோசி. ஊசி போட்டு வீட்டுக்குப் போன பெறகு?"

"இல்லை என்கிறேனே. ஒரு தடவை ஆத்தா வந்தா. அது அம்மை. ஊசியில்ல."

"எப்ப?"

சொன்னேன். மகள் கைப்பிள்ளையாக இருந்த நேரம். காய்ச்சல் என்று கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். வீட்டுப் படி ஏறவில்லை, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. வாந்தி. நினைவு தப்பிவிட்டது. மதினிதான் பார்த்துவிட்டு, இது ஆத்தா என்றாள். வேப்பிலையைப் பரப்பிப் படுக்கவைத்தாள். வீட்டில் தாளிக்கவில்லை, கறி மீன் எடுக்கவில்லை, யாரையும் உள்ளே விடவில்லை. விடிந்து பார்த்தால் உடம்பில் ஒரு முத்துகூட இல்லை. ஒரே ராத்திரியில் ஆத்தா இறங்கிவிட்டாள். எவ்வளவு கருணை! அதற்குத்தான் வருஷா வருஷம் அக்கினிச்சட்டி.

அவள் என் முகத்தையும் கையையும் உற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "ஏன்மா, அம்மை ஒரே நாள்ல எறங்கி நீ கேட்டிருக்கியா? ஒன் தெருவுல யாருக்காவது அப்படி எறங்கியிருக்கா? ஒரு தழும்பாவது இருக்கா ஒனக்கு?"

எனக்கு எப்படி இருந்திருக்கும்? "நீங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. எங்க ஆத்தாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதற்கு நான் வருத்தப்படவில்லை.

அவள் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "எனக்குத் தெரியாதுதான். நீ கும்பிடு, சட்டி எடு, நான் வேண்டாங்கல. ஆனா ஊசி செஞ்ச வேலைக்கு ஆத்தா மேல பழியப் போடாத. அன்னைக்குப் போட்டதும் இந்த வகை மருந்தாத்தான் இருக்கும். இந்த மருந்துக்குப் பங்காளி மருந்து நெறைய உண்டு. அடுத்த தடவை நான் பக்கத்துல இருக்க மாட்டேன்" என்றாள்.

பழி போடாதே என்கிறாள்! யார் பழி போட்டது? நானா? இத்தனை வருஷம் உள்ளங்கை பொசுங்கப் பொசுங்கத் தீச்சட்டி ஏந்தியவள் நான். ஈரச்சேலையோடு ஆற்றிலிருந்து கோயில்வரை நடந்தவள் நான். என்னைக் காப்பாற்றினாயே தாயே என்று அழுதுகொண்டே நடந்திருக்கிறேன். இவள் வந்து, அது ஊசியம்மா என்கிறாள். அப்படியானால் நான் எதற்கு நடந்தேன்? எந்த நாளில் அந்த ஊசியை இன்னொரு தடவை போட்டிருந்தாலும் செத்திருப்பேனே, அப்படித்தானே அர்த்தம்? அன்றைக்கெல்லாம் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டேன். அவள் பிரஷர் பார்க்க வந்தால் கையை மட்டும் நீட்டினேன்.

சம்பந்தி என்ன செய்தார் தெரியுமா? ஊரெல்லாம் சொல்லிவிட்டார். "எங்க சம்பந்தியம்மாளைச் சாவு வாசல்ல இருந்து இழுத்துட்டு வந்தா ஒரு நர்ஸம்மா, நான் கண்ணால பாத்தேன்" என்று போகிற இடமெல்லாம் பேச்சு. கண்ணால் பார்த்தாராம்! என்னத்தைப் பார்த்தார் என்று கேட்பவர்கள் நினைக்க மாட்டார்களா? மகள் போனில் சொல்கிறாள், "அம்மா, மாமா அப்பவே செவத்தைப் பாத்துத் திரும்பி நின்னுட்டாராம்மா" என்று. இருக்கலாம். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசி ஒரு வருஷம் ஆகிறது.

வீட்டுக்கு அனுப்பிய அன்று நிவேதா ஒரு அட்டை கொடுத்தாள். அதில் மருந்தின் பெயர் எழுதியிருந்தது. எங்கே போனாலும் காட்டுங்கள் என்றாள். நான் மதினியின் பையில் போட்டேன். ஜெபக்கனி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என்னிடம் வந்து, "கையை நீட்டு" என்றாள்.

எதற்கு என்று கேட்கும் முன்னால் அவளே இழுத்துக்கொண்டாள். டெஸ்ட் ஊசி போட்ட அதே இடம். சட்டைப்பையிலிருந்து வட்டம் போடுகிற பேனாவை எடுத்து, என் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மருந்தின் பெயரை எழுதினாள். இங்கிலீஷில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. எழுதி முடித்து அதைச் சுற்றி வட்டமும் போட்டாள்.

"அட்டையை ஒன் மதினி தொலைச்சிருவா. இல்ல, ஒனக்குப் பதிலா அவ பேசிருவா. இது குளிக்கிற வரைக்கும் இருக்கும். அதுக்குள்ள வீட்டுல இருக்க எல்லாருக்கும் காட்டி மனப்பாடம் பண்ணவை" என்றாள்.

நன்றியாவது சொல்லிவிட்டு வந்தேனா என்று கேட்பாய். சொல்லவில்லை. என் கையில் என்னைக் கேட்காமல் எழுதுகிறாள், நன்றி வேறு சொல்வார்களா?

வீட்டுக்கு வந்ததும் மதினி என்ன சொன்னாள் தெரியுமா? "தலைக்குத் தண்ணி ஊத்து. ஆத்தா எறங்கிட்டா. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெந்நீ வச்சிருக்கேன், வா." அண்டாவில் தண்ணீர் ஆவி பறக்கிறது. பலகை போட்டு வைத்திருக்கிறாள். நான் பலகையில் உட்காரப் போனேன். கையைப் பார்த்தேன். நிவேதா கொடுத்த அட்டையை எங்கே என்று கேட்டேன்.

"எந்த அட்டை? அதுவா, பஸ்ஸுல வெயிலுக்கு விசிறிக்கிட்டு வந்தேன். எங்கியோ விழுந்திருச்சு. அது எதுக்கு இப்ப? குனி, தண்ணிய ஊத்துதேன்."

செம்பை எடுத்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபம் பார், தாயி! எல்லாம் அந்த ஜெபக்கனி மேல்தான். அவள் சொன்ன மாதிரியே நடக்கிறதே என்று கோபம். நான் செம்பைத் தட்டிவிட்டேன். கட்டுப்போட்ட காலோடு, ஈரமாகாமல் கையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவில் இறங்கி நடந்தேன். மதினி பின்னாலேயே கத்திக்கொண்டு வருகிறாள், "ஆத்தா கோவிச்சுக்கிடுவாடீ!" என்று. "கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிடுதேன் மதினி, நீங்க தள்ளுங்க" என்றேன். அந்த வார்த்தை எனக்கு எங்கிருந்து வந்ததோ!

எங்கே போனேன் என்பதைத்தான் காட்டப்போகிறேன். இந்த முழுக்கை ஜாக்கெட்டை ஏன் போட்டிருக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். நைட்டிக்கு மேல் ஜாக்கெட் போட்டு வந்திருக்கிறாளே, பைத்தியமா என்று நினைத்திருப்பாய். நைட்டி ஏனென்றால், சேலை கட்டினால் உங்களுக்குத் தொடையில் போடக் கஷ்டம். நேரம் போய்விடும். சம்பந்தியையும் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் வரவேண்டும் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஜாக்கெட் ஏனென்றால், மதினி இதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறாள். "புருஷன் பேரைக் குத்துவாங்க, பிள்ளை பேரைக் குத்துவாங்க, மருந்துக்கடைச் சரக்கைக் குத்துவாங்களாடி?" என்கிறாள். அவளோடு மல்லுக்கட்ட என்னால் முடியவில்லை.

இந்தா, கையைத் தூக்கிவிடுகிறேன். வெளிச்சத்துக்கு வா.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெஷினில் பச்சை குத்துகிறவன் கடை இருக்கிறது. அவன் இதைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, அழகா எழுத்து மாத்திப் போடட்டுமா? பூ ஒண்ணு வரையட்டுமா?" என்றான். ஒன்றும் மாற்றாதே, இருக்கிற கோட்டுக்கு மேலேயே குத்து, வட்டத்தையும் விடாதே என்றேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஒரு கால் விட்டுப்போனாலும் வேறு மருந்தாகிவிடுமோ என்று பயம். அவள் பேனா வழுக்கி ஒரு இடத்தில் வால் மாதிரி இழுத்திருக்கிறது பார், அதையும் குத்தவைத்தேன். அவள் கையெழுத்து அப்படியே இருக்கிறது. அவளைத்தான் எனக்குக் கண்டாலே ஆகாது.

வலது கையில் என் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறது, கல்யாணத்தில் குத்தியது. அதை நான் வாயால் சொல்வதில்லை. இதைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் பார்த்தாலும் வாயில் நுழையவில்லை.

அதனால் நீ படி, சிஸ்டர். நிறுத்தி, எழுத்து எழுத்தாகப் பார்த்து அந்தத் தாளில் எழுது. எழுதிவிட்டுச் சத்தமாக ஒரு தடவை படி. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு படி. வெளியே பெஞ்சில் இருக்கிறவளுக்கும் கேட்கட்டும்.